உங்களுக்குத் தெரியுமா? – ஒப்பந்தம் முடியப்போகும் ஹாக்கி வீரரை வாங்கலாமா?

ட்ரீம்11-ல் ஒரு மேட்சுக்கு அணி போட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறவர்களிடம் ஃபேன்டஸி ஐஸ் ஹாக்கி நிறையப் பொறுமை கேட்கும். அக்டோபர் தொடங்கும்போது நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி டிராஃப்ட் நடத்துவார்கள். அதன்பிறகு ஏப்ரல் வரை, வட அமெரிக்காவின் என்.எச்.எல். வீரர்கள் அடிக்கும் ஒவ்வொரு கோலும், கொடுக்கும் ஒவ்வொரு அசிஸ்டும் அவர்களை வைத்திருப்பவர் கணக்கில் ஏறும். கீப்பர் லீக் என்றால் முக்கியமான ஆட்களை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேடுதான் இதற்கு உயிர். அதிலும் அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்வது, சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகும் வீரர் விஷயத்தில். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அவர்களைப் பற்றி.

● என்.எச்.எல். ஒப்பந்த வருடம் ஜூன் 30-ல் முடிகிறது. வழக்கமாக ஜூலை 1, கிழக்கு அமெரிக்க நேரப்படி நண்பகல் 12 மணிக்குச் சந்தை திறக்கும். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு 27 வயது ஆகியிருந்தாலோ, 7 சீசன் கணக்கில் ஏறியிருந்தாலோ அவர் எந்த அணிக்கும் போகலாம்; பழைய அணிக்கு ஈடாக எதுவும் கிடைக்காது. இவர்கள் யூ.எஃப்.ஏ. அந்த வரம்பைத் தொடாத இளையவர்கள் பெரும்பாலும் ஆர்.எஃப்.ஏ. அவர்களுக்கு வேறு அணி ஆஃபர் ஷீட் நீட்டினால், பழைய அணி அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் டிராஃப்ட் பிக்குகளை, அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளை, ஈடாக வாங்கிக்கொள்ளலாம். பேரம் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆள் இந்த இரண்டில் எது என்பதுதான். ஆர்.எஃப்.ஏ. பெரும்பாலும் இருக்கும் இடத்திலேயே இருப்பார். யூ.எஃப்.ஏ. எங்கே போவார் என்று ஜூலை வரை நிச்சயமாகச் சொல்ல முடியாது.

● 2004 வரை இந்த வயது வரம்பு 31. கதவடைப்பில் 2004-05 சீசன் முழுதாகப் போனது. அதற்குப் பின் வந்த ஒப்பந்தம் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பைப் போட்டது. வீரர்களுக்கு வயது வரம்பைப் படிப்படியாக 27-க்கு இறக்கிக் கொடுத்தது. ஃபேன்டஸிக்காரர்களுக்கு இது பெரிய மாற்றம். முன்பு சந்தைக்கு வந்தவர்கள் முப்பதைத் தாண்டியவர்கள். இப்போது உச்சத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்களே வருகிறார்கள்.

● ஒப்பந்தம் முடியப்போகும் வீரர் என்ற தலைவலி ஃபேன்டஸிக்குப் புதிதல்ல. 1980-ல் டேனியல் ஒக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் பேஸ்பாலுக்காகத் தொடங்கிய ரோட்டிஸ்ரி லீகின் விதிகளிலேயே அது உண்டு. ஏலத்தில் எடுத்த வீரரை அதே விலைக்குக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கலாம். பிறகு அவரை விட வேண்டும், அல்லது கடைசியாக ஒரு வருடம் அதே விலைக்கு நீட்டிக்க வேண்டும், அல்லது வருடத்துக்கு 5 டாலர் வீதம் விலையை ஏற்றி நீண்ட ஒப்பந்தம் போட வேண்டும். இன்றைய ஹாக்கி கீப்பர் லீக்குகளில் இருக்கும் பல விதிகளுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

● உங்கள் வீரருக்கு ஒன்றல்ல, இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கலாம். ஒன்று, என்.எச்.எல். அணியோடு அவர் போட்டது. இன்னொன்று, உங்கள் லீகில் நீங்கள் அவருக்குப் போட்டது. சில லீக்குகள் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும்: அவரது நிஜச் சம்பளம்தான் உங்கள் கணக்கிலும் ஏறும், நிஜ ஒப்பந்தம் முடிந்தால் உங்களிடமிருந்தும் போய்விடுவார். வேறு சில லீக்குகளில் ஏலத்தில் எடுத்த விலையும் வருடமும் தனி. அங்கே நிஜத்தில் எட்டு வருட ஒப்பந்தம் உள்ளவர்கூட இந்த ஜூனில் உங்கள் கையை விட்டுப் போகலாம். எந்த ஒப்பந்தம் முடிகிறது என்று பார்க்காமலேயே டிரேட் பண்ணுகிறவர்கள் எல்லா லீகிலும் இருக்கிறார்கள்.

வருடா வருடம் எல்லாரையும் கலைத்துவிட்டுப் புதிதாக எடுக்கும் ரீடிராஃப்ட் லீகில் இந்தக் கவலையே இல்லை. அங்கே ஜூலையில் அவர் எங்கே போனாலும் உங்களுக்கு என்ன? மார்ச்சில் வேறு அணிக்கு மாற்றப்படுவாரா என்பது மட்டும்தான் கேள்வி.

● ரென்டல், அதாவது சீசன் முடியும் வரை மட்டும் என்று வாங்கும் வீரரின் விலையைப் போட ஒரு சின்னக் கணக்கு போதும். என்.எச்.எல். டிரேட் டெட்லைன் இப்போதெல்லாம் மார்ச் முதல் பத்து நாளுக்குள் வருகிறது: 2024-ல் மார்ச் 8, 2025-ல் மார்ச் 7. பல ஃபேன்டஸி லீக்குகளின் கெடுவும் அதை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து உங்கள் லீகின் இறுதிப்போட்டி வரை ஐந்து வாரம் என்று வையுங்கள். வாரத்துக்கு மூன்று, நான்கு ஆட்டம், மொத்தம் 17. வாங்கப்போகும் நட்சத்திரம் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.2 பாயின்ட் எடுக்கிறார். அவருக்காக நீங்கள் உட்காரவைக்கப்போகும் ஆள் 0.7 எடுக்கிறார். வித்தியாசம் 0.5. அதை 17-ஆல் பெருக்கினால் எட்டரை. நட்சத்திரத்தின் பெயரையும் பழைய கோப்பைகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உங்கள் காசுக்குக் கிடைப்பது அந்த எட்டரை பாயின்ட்தான்.

முதல் இரண்டு இடத்துக்குள் இருப்பவருக்கு அந்த எட்டரை ஒரு வார வெற்றியைத் தீர்மானிக்கும். அதற்காக முதல் சுற்று பிக்கைக் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஏழாவது இடத்தில் நின்றுகொண்டு ஆறாவது இடத்துக்காக அதே விலை கொடுப்பது அடுத்த வருடத்தை அடகு வைப்பது. அப்படிப்பட்டவர்களிடம் நான் சொல்வது: வாங்காதீர்கள், விற்கிறவர் வரிசையில் போய் நில்லுங்கள்.

● நிஜத்திலேயே இந்தச் சூதாட்டத்தை முழுதாக ஆடிப் பார்த்த அணி ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி, கொலம்பஸ் ப்ளூ ஜாக்கெட்ஸ். ஆர்டெமி பனாரின், கோல்கீப்பர் செர்கே பொப்ரோவ்ஸ்கி இருவருக்கும் ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இருவரும் தங்கப்போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். பொது மேலாளர் யார்மோ கெகலைனென் அவர்களை விற்கவில்லை. அதற்கு மேல் ஒட்டாவாவிலிருந்து மேட் டுஷேன், ரயன் ட்ஸிங்கல் என்று இன்னும் இரண்டு ரென்டல்களை வாங்கினார். முதல் சுற்றில் எதிரே நின்றது 62 வெற்றி, 128 புள்ளி எடுத்திருந்த டாம்பா பே. கொலம்பஸ் 4-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் பிளேஆஃப் தொடர் வெற்றி அது. அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றார்கள். ஜூலையில் நான்கு பேரும் போய்விட்டார்கள்.

அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறையும் ஒரு தொடரை வெல்லாத ஊருக்கு அந்த நான்கு ஆட்டங்கள் பெரிய விஷயம். உங்கள் லீகிலும் பத்து வருடமாகக் கோப்பை பார்க்காதவர் இருப்பார். அவர் அதிக விலை கொடுத்தால் சிரிக்காதீர்கள்.

● அந்த நால்வரில் பனாரின் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். கொலம்பஸில் கடைசி சீசனில் 87 பாயின்ட் எடுத்தவர், புது அணியில் முதல் சீசனிலேயே 69 ஆட்டத்தில் 95 எடுத்தார். அதற்கு முந்தைய வருடம் நியூயார்க் ஐலாண்டர்ஸிலிருந்து டொரோன்டோ வந்த ஜான் டவாரெஸ், மிட்ச் மார்னரோடு ஒரே லைனில் (சேர்ந்து களமிறங்கும் மூவர் கூட்டணியில்) ஆடி 47 கோல் அடித்தார். அவர் வாழ்நாளிலேயே அதிகம் அதுதான். அணி மாறினால் இறங்கித்தான் போவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

● எதைப் பார்த்து முடிவெடுப்பது? ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2023-24-ல் டாம்பாவில் 40 கோல், 81 பாயின்ட். எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளே நேரத்தில் இடப்பக்க வட்டத்தில் நிற்பார். அங்கே பந்துக்குப் பதில் ஓடும் பக் என்ற ரப்பர் வட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும். அதை நிறுத்தாமலே ஒரே வீச்சில் வலைக்குள் அனுப்புவார். பல வருடமாக எதிரணிக்குத் தெரிந்த அடிதான், ஆனாலும் தடுக்க முடியாது. ஏனென்றால் அந்த பக்கை அனுப்புகிறவர் நிகிதா குச்செரோவ். அந்த ஒரு சீசனில் மட்டும் 100 அசிஸ்ட் கொடுத்தவர்.

2024 ஜூலை 1-ல் ஸ்டாம்கோஸ் வருடத்துக்கு 80 லட்சம் டாலருக்கு நான்கு வருட ஒப்பந்தத்தில் நாஷ்வில் போனார். அதே வட்டம், அதே வீச்சு, குச்செரோவ் இல்லை. 27 கோல், 53 பாயின்ட். 34 வயதும் ஒரு காரணம்தான். ஆனால் 28 பாயின்ட் குறைந்ததை வயது ஒன்றாலேயே விளக்கிவிட முடியாது. ஒப்பந்தம் முடியப்போகிறவரின் கோல் கணக்கைப் பார்க்கும்போது, அவருக்குப் பக் கொடுக்கிறவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஜூலையில் அவர் போவார். பக் கொடுக்கிறவர் கூடப் போக மாட்டார்.

● அதே நாளில் நாஷ்வில் இன்னொருவரையும் எடுத்தது. வேகஸில் 42 கோல் அடித்துவிட்டு வந்த ஜொனாதன் மார்ஷசோ. புது அணியில் 21.

● ஸ்டாம்கோஸ் போன இடம் காலியாக இருக்கவில்லை. டாம்பா ஜேக் கென்ட்ஸலை ஏழு வருடத்துக்கு எடுத்தது. 2024 மார்ச்சில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கரோலினாவுக்கு ரென்டலாகப் போய் 17 ஆட்டத்தில் 25 பாயின்ட் எடுத்தவர். ஜூன் 30-ல் அவரோடு பேசும் உரிமையைக் கரோலினா டாம்பாவுக்கு விற்றது. நான்கு மாதத்துக்குள் மூன்று அணி. டாம்பாவில் முதல் சீசனில் 41 கோல். பெரிய வீரர் கிளம்பப்போகிறார் என்று செய்தி வரும்போது எல்லாரும் அவர் எங்கே போகிறார் என்று தேடுவார்கள். நீங்கள் அவர் விட்டுப்போகும் இடத்துக்கு யார் வருகிறார் என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்து மலிவாகக் கிடைக்கும் நல்ல சரக்கு அங்கேதான் இருக்கிறது.

● ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் வீரர்கள் கூடுதலாக ஆடுகிறார்களா? சில பெயர்கள் அப்படித்தான் தோன்றவைக்கின்றன. நசீம் காட்ரி, 2021-22-ல் கொலராடோவில் 71 ஆட்டத்தில் 87 பாயின்ட், கையில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. ஆகஸ்டில் கால்கரியோடு ஏழு வருட ஒப்பந்தம். அடுத்த சீசன் 82 ஆட்டமும் ஆடி 56. சாம் ரெய்ன்ஹார்ட் 2023-24-ல் ஃப்ளோரிடாவில் 57 கோல் அடித்தார், அணியிலேயே தங்கினார், மறு சீசன் 39.

காட்ரியின் இறக்கத்துக்கு அணி மாற்றம் காரணம் என்று சொல்லலாம். ரெய்ன்ஹார்ட் எங்கேயும் போகவில்லையே? அவர் கதையில் பார்க்க வேண்டியது ஷூட்டிங் சதவீதம். அந்த 57 கோல் 233 ஷாட்டில் வந்தது. நூற்றுக்கு 24-க்கு மேல். என்.எச்.எல். ஃபார்வர்டுகளுக்கு இது பத்துக்குச் சற்று மேலே இருப்பதே வழக்கம். இந்த உயரத்தில் யாரும் வருடக்கணக்கில் நிற்பதில்லை. ஊக்கம், பசி, ஒப்பந்த வருட வேகம் என்றெல்லாம் பேசும் முன் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள். அது வழக்கத்தைவிட மிக உயரமாக இருந்தால் ஜனவரியிலேயே விற்றுவிடுங்கள்.

● டேவிட் கிளார்க்ஸன் பெயரை டொரோன்டோவில் இன்றும் சத்தமாகச் சொல்ல முடியாது. நியூ ஜெர்சியில் 2011-12-ல் 30 கோல் அடித்தார். 2013 ஜூலையில் ஏழு வருடம், 3 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர். முதல் சீசனில் 60 ஆட்டம், 5 கோல்.

● 2021-22 சீசனில் இரண்டு இடப்பக்க ஆட்டக்காரர்கள் சரியாக 115 பாயின்ட் எடுத்தார்கள்: கால்கரியின் ஜானி கோட்ரோ, ஃப்ளோரிடாவின் ஜொனாதன் ஹூபர்டோ. அந்தக் கோடையில் இருவரும் அணி மாறினார்கள். கோட்ரோ ஃப்ரீ ஏஜென்டாகக் கொலம்பஸ் போய் 74 எடுத்தார். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மீதமிருந்த ஹூபர்டோ, மேத்யூ டக்கச்சுக்குக்கு மாற்றாகக் கால்கரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே வருடத்துக்கு 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு எட்டு வருடம் கையெழுத்திட்டார். 55 பாயின்ட்தான் எடுத்தார். ஒரே சீசனில் 60 குறைந்தது. எதிர்த்திசையில் போன டக்கச்சுக் மட்டும் 104-லிருந்து 109-க்கு ஏறினார்.

கோட்ரோ 2024 ஆகஸ்டில் தம்பியோடு சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனார். தம்பியும் பிழைக்கவில்லை. அந்த 115 பாயின்ட் சீசனை நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை வெறும் எண்ணாக எழுத மனம் வராது. உடம்பில் சிறியவர், பக்கோடு அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கத் தெரிந்தவர்.

● கோல்கீப்பர்களை வாங்கும்போது இன்னும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஜேக் கேம்ப்பெல் டொரோன்டோவில் .914 சேவ் சதவீதம் வைத்திருந்தார். 2022-ல் எட்மன்டன் ஐந்து வருடத்துக்கு எடுத்தது, முதல் சீசனில் .888. அடுத்த நவம்பரில் கீழ் லீகுக்கு அனுப்பினார்கள், 2024-ல் பைஅவுட் செய்து ஒப்பந்தத்தை முடித்தார்கள். இதற்கு நேர் எதிர் லைனஸ் உல்மார்க். தோற்றுக்கொண்டே இருந்த பஃபலோவிலிருந்து 2021-ல் பாஸ்டன் வந்தார். 2022-23-ல் 40 வெற்றி, .938, சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது. கோல்கீப்பரின் எண்களில் பாதி அவர் முன்னால் நிற்கும் டிஃபென்ஸ்மேன்களுடையது. மோசமான அணியில் நன்றாகச் சமாளித்துக்கொண்டு ஒப்பந்தம் முடியப்போகும் கோல்கீப்பர் இருந்தால், ஜூலைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

● மிக்கோ ரான்டனென் வைத்திருந்தவர்கள் 2025-ல் பட்ட பாடு தனிக் கதை. கொலராடோவில் நேதன் மக்கின்னன் பக்கத்தில் 49 ஆட்டத்தில் 64 பாயின்ட். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, பேச்சுவார்த்தை நகரவில்லை. ஜனவரி 24-ல் யாரும் எதிர்பாராமல் கரோலினாவுக்கு டிரேட். அங்கே 13 ஆட்டத்தில் 6 பாயின்ட். கரோலினாவோடும் நீண்ட ஒப்பந்தம் படியவில்லை. மார்ச் 7, டெட்லைன் நாளில் டல்லஸ். அப்போதே எட்டு வருடக் கையெழுத்து, வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர். டல்லஸில் 20 ஆட்டத்தில் 18.

இதில் கவனிக்க வேண்டியது கரோலினா நாட்கள். ஃபேன்டஸியில் அந்த ஆறு வாரத்தில் பயந்துபோய் விற்றவர்கள், பிளேஆஃப் வாரங்களில் வேறொருவர் அணியில் அவரைப் பார்க்க வேண்டியதாயிற்று. திறமை 13 ஆட்டத்தில் தேய்ந்துவிடாது. ஒப்பந்தச் சிக்கலில் இருக்கும் பெரிய வீரர் புது அணியில் தடுமாறும் அந்தச் சில வாரங்கள்தான் வாங்குவதற்குச் சரியான நேரம்.

இன்னொன்று. மே மாதம் நடந்த பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரான்டனென் மூன்றாவது பீரியடில் ஹாட்ரிக் அடித்து, தன் பழைய அணியான கொலராடோவையே வெளியேற்றினார். வழக்கமான ஃபேன்டஸி லீகில் அதற்குப் பூஜ்யம். ஏப்ரலிலேயே கணக்கு மூடிவிட்டது.

● விற்கத் தயாராகிவிட்ட அணி, அடிபட்டுவிடக் கூடாதென்று வீரரை ஆட வைக்காமலே உட்காரவைக்கும். 2023 பிப்ரவரியில் கொலம்பஸின் விளாடிஸ்லாவ் கவ்ரிகோவ் அப்படித்தான் உட்கார்ந்தார். ஜூனில் ஒப்பந்தம் முடிய இருந்தவர். மார்ச் 1-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன பிறகுதான் களத்தில் இறங்கினார். ஃபேன்டஸியில் அவரை நம்பியிருந்தவருக்கு அத்தனை நாளும் வெறும் கோடுதான். தோற்கும் அணியின் யூ.எஃப்.ஏ.-வை பிப்ரவரியில் வாங்குகிறீர்களென்றால் இந்த இழப்பையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

● ஆர்.எஃப்.ஏ. பக்கமும் புதையல் உண்டு. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ், எட்மன்டனின் இரண்டு இளைஞர்களுக்கு ஒரே நாளில் ஆஃபர் ஷீட் நீட்டியது. எட்மன்டனுக்கு யோசிக்க ஏழு நாள், உச்சவரம்பு இடிக்கிறது, இருவரையும் விட்டுவிட்டார்கள். அதில் டிலன் ஹாலோவே, எட்மன்டனில் 38 ஆட்டத்தில் 9 பாயின்ட் எடுத்திருந்தவர், செயின்ட் லூயிஸில் 63 எடுத்தார். அவருக்காக எட்மன்டனுக்குக் கிடைத்த ஈடு ஒரு மூன்றாம் சுற்று பிக். நட்சத்திரங்கள் நிறைந்த அணியின் மூன்றாவது லைனில் உட்கார்ந்திருக்கும் இளைஞரின் ஒப்பந்தம் முடிகிறதா என்று பாருங்கள். அவரைக் கொடுக்க யாரும் பெரிதாக யோசிக்க மாட்டார்கள்.

● நிஜச் சம்பளத்தையே பின்பற்றும் கேப் லீகில், ஆள் தங்கினாலும் இடி உண்டு. லியோன் டிரைசைட்டில் 2024-25-ல் வருடத்துக்கு 85 லட்சம் டாலரில் ஆடி 52 கோலோடு லீகின் கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தார். 2025-26 முதல் அவர் 1 கோடியே 40 லட்சம். அதே சமயம் என்.எச்.எல். உச்சவரம்பு 8 கோடியே 80 லட்சத்திலிருந்து 9 கோடியே 55 லட்சத்துக்கு ஏறியது. கூடுதலாகக் கிடைத்த 75 லட்சத்தில் 55 லட்சத்தை இவர் ஒருவரே விழுங்கிவிட்டார். கிரில் கப்ரிசோவ் 2026-27 முதல் 90 லட்சத்திலிருந்து 1 கோடியே 70 லட்சத்துக்குத் தாவுகிறார். எட்டு வருடத்துக்கு மொத்தம் 13 கோடியே 60 லட்சம் டாலர், என்.எச்.எல். வரலாற்றில் அதுவரை யாரும் வாங்காத தொகை. இவர்கள் பெயரோடு டிரேட் வந்தால், அடுத்த வருட விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

● 2026 ஜூலைச் சந்தை வரலாறு காணாததாக இருக்கும் என்று இரண்டு வருடமாகப் பேசினார்கள். கானர் மக்டேவிட், கப்ரிசோவ், ஜேக் ஐக்கல், கைல் கானர், மார்ட்டின் நேச்சஸ் என்று பட்டியல் அவ்வளவு பெரியது. 2025 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஒருவர் பின் ஒருவராக இருக்கும் அணியிலேயே கையெழுத்திட்டுவிட்டார்கள். மக்டேவிட் இரண்டே வருடத்துக்கு, வருடம் 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு. இவர்கள் போய்விடுவார்கள் என்று பயந்து கோடையில் மலிவாக விற்றவர்கள் இருக்கிறார்கள். உச்சவரம்பு ஏறும் காலத்தில் அணிகள் தங்கள் ஆட்களை விடுவதில்லை. வதந்தியை நம்பி விற்காமல், வதந்தி கிளம்பும்போது வாங்கப் பாருங்கள்.

● ஃப்ளோரிடா, டெக்ஸாஸ், டென்னஸி, நெவாடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. டாம்பா, ஃப்ளோரிடா, டல்லஸ், நாஷ்வில், வேகஸ், சியாட்டில் அணிகள் அங்கேதான். ஸ்டாம்கோஸ், கென்ட்ஸல், ரான்டனென் போய்ச் சேர்ந்த இடங்களைத் திரும்பிப் பாருங்கள். 102 பாயின்ட் சீசனுக்குப் பிறகு டொரோன்டோவை விட்ட மார்னர் போனது வேகஸ். ஃப்ளோரிடா 2025-ல் இரண்டாம் முறை தொடர்ந்து கோப்பை வென்ற பின், ஒப்பந்தம் முடிய இருந்த பென்னட், மார்ஷண்ட், எக்ப்லாட் மூவரும் அங்கேயே தங்கினார்கள். எங்கே போவார் என்று ஊகிக்க வரி மட்டும் போதாது. ஆனால் அதை விட்டுவிட்டு ஊகிக்கவும் முடியாது.

● ரென்டல்கள் சிலசமயம் வீட்டுக்கே திரும்பி வருவார்கள். 2006-ல் கரோலினா கோப்பை வென்றபோது அணியில் இருந்த டக் வெய்ட் செயின்ட் லூயிஸிலிருந்தும், மார்க் ரெக்கி பிட்ஸ்பர்க்கிலிருந்தும் சில மாதம் முன்பு வந்தவர்கள். கோப்பையில் பெயர் பொறித்துக்கொண்டு அந்த ஜூலையிலேயே இருவரும் பழைய அணிக்குத் திரும்பினார்கள். நிஜத்தில் இது அழகான விஷயம். ஃபேன்டஸியில் மட்டும் கவனம்: "இப்போ எடுத்துக்கோ, ஜூன்ல திருப்பிக் குடு" என்று இரண்டு பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது மற்ற பத்துப் பேருக்குச் செய்யும் அநியாயம். பல லீக்குகள் இதை நேரடியாகத் தடை செய்திருக்கின்றன. உங்கள் லீகில் அந்த விதி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

● டொரோன்டோ பக்கம் நம்மவர்கள் ஆடும் லீகில் ஒரு நல்ல டிரேட் மெசேஜ் எப்படி இருக்கும்? இப்படி: "மச்சான், உன்ர ஆளின்ர கொன்ட்ராக்ட் இந்த ஜூனோட முடியுது. நீயும் பிளேஓஃபுக்குப் போகேல்ல. என்னட்ட இருபது வயசுப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், ரெண்டாம் ரவுண்ட் பிக்கும் தாறன். வியாழனுக்கிடையில சொல்லு." எதிராளிக்கு ஏன் விற்க வேண்டும் என்ற காரணம் முதலில் வந்துவிட்டது, என்ன கிடைக்கும் என்பது அடுத்து, கெடு கடைசியில். "உன் ஆளுக்கு என்ன வேணும்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும்.

● நிஜ என்.எச்.எல்.-ல் முன்பு இப்படியொரு நிபந்தனை பிக் இருந்தது: வாங்கிய அணியோடு வீரர் மறு ஒப்பந்தம் போட்டால் கூடுதல் பிக், போடாவிட்டால் இல்லை. இப்போது அங்கே அதற்கு அனுமதியில்லை, ஆனால் உங்கள் லீகில் செய்யலாம். ஒப்பந்தம் முடியப்போகும் வீரருக்கு இதைவிட நியாயமான விலை எனக்குத் தெரிந்து இல்லை. ஆபத்தை இரண்டு பேரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். பல ஃபேன்டஸி தளங்களில் இதைப் பதிவு செய்ய வழியில்லாததால், லீகை நடத்தும் கமிஷனர் தனியாக எழுதிவைக்க வேண்டியிருக்கும். எழுதாமல் விட்ட நிபந்தனைகளால் உடைந்த நட்புகள் ஒன்றிரண்டல்ல.

● 2026 செப்டம்பரில் என்.எச்.எல்.-ன் புது ஒப்பந்தம் நடைமுறைக்கு வருகிறது. சொந்த அணி கொடுக்கக்கூடிய அதிகபட்சம் 8 வருடம் என்பது 7 ஆகிறது; வெளி அணிக்கு 7 என்பது 6. ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் என்பது 84 ஆகிறது. ஒப்பந்தங்கள் குறுகினால் ஒவ்வொரு ஜூனிலும் சந்தைக்கு வருகிறவர் கூடுவார்கள். உங்கள் அணியிலும் முடியப்போகும் பெயர்கள் கூடும்.

● கடைசியாக, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த டிரேடுக்குக் கை வைக்கும் முன் உங்கள் லீகின் விதித்தாளைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கடைசியாக வைத்திருந்தவருக்கு, ஏலத்தில் வரும் விலையைக் கொடுத்துத் திரும்ப எடுக்கும் உரிமை இருக்கிறதா? டிரேடில் வாங்கியவருக்கும் அந்த உரிமை கூடவே வருமா? எந்தத் தேதியில் அவர் உங்கள் கையை விட்டுப் போகிறார், சீசன் முடிவிலா, ஜூன் 30-லா? விதித்தாளில் பதில் இல்லையென்றால் கமிஷனரிடம் கேட்டு, லீகில் உள்ள எல்லாரும் பார்க்கும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு டிரேடுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.